சின்யோரியா சதுக்கம்: டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி வெளிய ஒரு மணி நேரம் நில்லுங்க

உங்க கேள்வி இதுதானே, ரோம்ல இருந்து ஃப்ளோரன்ஸ் வர்றீங்க, கையில ஒன்றரை நாள்தான் இருக்கு, கூட முட்டி வலி உள்ள அம்மாவும் பத்து வயசுப் பையனும் வர்றாங்க, பியாட்ஸா டெல்லா சின்யோரியா சதுக்கத்த சும்மா சுத்திப் பாத்தா போதுமா இல்ல பலாட்ஸோ வெக்கியோ அரண்மனை, உஃபீட்ஸி மியூசியம் எல்லாத்துக்கும் காசு கொடுத்து உள்ள போகணுமான்னு. நான் அந்த ஊர்ல மூணு வருஷம் வேலை பாத்தேன், ஆபீஸுக்குப் போற வழியே அந்த சதுக்கம்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. நான் அந்த ஊருக்கு முதல் தடவை போனது ஒரு குரூப் டூர்ல. சதுக்கத்துல இருபது நிமிஷம் போட்டோ, அப்புறம் நேரா மியூசியம் க்யூ. மூணு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தப்ப மண்டைக்குள்ள மாதா படமும் குழந்தை ஏசு படமும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடந்துச்சு, யார் வரைஞ்சது, எதுக்கு வரைஞ்சாங்க, ஒண்ணும் புரியல. பின்னாடி அங்கயே குடியிருந்து தினமும் கடந்து போனப்பதான் புரிஞ்சுது, அந்த மியூசியங்களுக்குச் சாவி வெளியதான் இருக்கு. அந்த சதுக்கத்துல நிக்குற சிலை எதுவும் அழகுக்காக மட்டும் வச்சது இல்ல. ஊர் யார் கையில இருக்குன்னு சொல்றதுக்காக, ஆட்சி மாறும்போதெல்லாம் ஒவ்வொருத்தரும் கொண்டாந்து நட்டது. அந்தக் கதைய வெளிய நின்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனீங்கன்னா ஒவ்வொரு படமும் பேசும். அதனால வந்த உடனே டிக்கெட் க்யூவுக்கு ஓடாதீங்க, காலைல ஏழு ஏழரைக்கு சதுக்கத்துக்கு வாங்க, அந்நேரம் கூட்டம் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது.

சதுக்கம்னு சொல்றோமே தவிர அது சதுரம் இல்ல, ஆங்கில எல் எழுத்து மாதிரி ஒரு பக்கம் மடங்கிப் போகும். அதுக்கே ஒரு காரணம் இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல ஊர் ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, போப் பக்கம் குவெல்ஃப், பேரரசர் பக்கம் கிபெல்லின். கிபெல்லின் தோத்தப்ப அந்தக் கட்சியோட பெரிய குடும்பமான ஊபெர்ட்டிக்காரங்க வீடுங்கள இடிச்சுத் தரைமட்டமாக்கி, அந்த மண்ணுல இனி யாரும் எதுவும் கட்டக்கூடாதுன்னு விட்டுட்டாங்க. இன்னிக்கு நாம நிக்குற திறந்தவெளில பெரும்பகுதி அப்படி இடிச்ச வீடுங்களோட இடம். 1299ல பலாட்ஸோ வெக்கியோ அரண்மனை கட்ட ஆரம்பிச்சப்பவும் அந்த மண்ணத் தொடாம ஓரமா தள்ளிக் கட்டினதாத்தான் சொல்வாங்க, கட்டினவர் அர்னோல்ஃபோ டி காம்பியோன்னு நம்பிக்கை. மேல நிமிந்து கோபுரத்தப் பாருங்க, நடுவுல இல்லாம ஒரு பக்கமா நிக்கும், ஏன்னா அங்க முன்னாடியே இருந்த ஒரு பழைய கோபுரத்த அப்படியே அடித்தளமா வச்சு மேல ஏத்திட்டாங்க. உயரம் ஏறக்குறைய 94 மீட்டர்.

இந்தக் கட்டடம் ராஜாவுக்குக் கட்டினது இல்ல, இத மனசுல வச்சுக்கங்க. ஃப்ளோரன்ஸ் அப்ப குடியரசு. எட்டு பிரியோரி, அவங்களுக்குத் தலைவரா ஒரு கொன்ஃபலோனியேரே, மொத்தம் ஒன்பது பேர், பைக்குள்ள சீட்டுப் போட்டு எடுத்துத் தேர்ந்தெடுப்பாங்க, பதவி ரெண்டே ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசமும் வீட்டுக்குப் போகக்கூடாது, அந்த அரண்மனைக்குள்ளயே சாப்பிட்டுத் தூங்கணும், வெளில யாரும் காசு கொடுத்தோ மிரட்டியோ அவங்கள மடக்கிடக் கூடாதுன்னு. இந்த ஒன்பது பேருக்கும் சேத்துத்தான் சின்யோரியான்னு பேரு, சதுக்கத்துக்கும் அதே பேரு. பெரிய முடிவுன்னா கோபுரத்து மணிய அடிப்பாங்க, அதோட சத்தம் மாடு கத்துற மாதிரி இருக்கும்னு அதுக்குப் பசுன்னே பேரு வச்சிருந்தாங்க, மணி கேட்டா ஊர் ஜனம் சதுக்கத்துல கூடணும். ஆனா நிஜத்துல எப்பவும் அப்படி நேர்மையா நடக்கல. மெடிச்சின்னு ஒரு பேங்கர் குடும்பம் பதவி எதுவும் நேரடியா வச்சுக்காமலே பின்னாடி இருந்து சீட்டுப் பைல யார் பேரு போகணும்னு பாத்துக்கிட்டாங்க. 1478 ஏப்ரல் 26, பாட்ஸி குடும்பம் சதி பண்ணி கதீட்ரலுக்குள்ள வச்சு ஜூலியானோ மெடிச்சியக் கொன்னாங்க, அவர் அண்ணன் லொரென்ஸோ காயத்தோட தப்பிச்சுட்டார், அன்னிக்கே சதில இருந்த பீசா நகரத்து ஆர்ச்பிஷப் சல்வியாத்திய இந்த அரண்மனை ஜன்னல்லயே தூக்குல தொங்கவிட்டாங்க. நீங்க அண்ணாந்து போட்டோ எடுக்கப்போற அதே சுவர்தான் அது.

இப்ப சிலைகளுக்கு வருவோம். 1494ல மெடிச்சிய ஊரவிட்டுத் துரத்தினாங்க. துரத்தின கையோட அவங்க வீட்டுத் தோட்டத்துல இருந்த டொனாடெல்லோவோட யூதித் சிலையத் தூக்கிட்டு வந்து அரண்மனை வாசல்ல வச்சாங்க. யூதித் பைபிள் கதைல வர்ற ஒரு பொண்ணு, குடிச்சுட்டுக் கிடக்குற எதிரித் தளபதி ஹோலோஃபெர்னஸ் தலைமுடியப் பிடிச்சு வாள ஓங்கி நிக்குறா. பீடத்துல புதுசா எழுத்து வெட்டினாங்க, பொது நன்மைக்கு உதாரணமா குடிமக்கள் இத நிறுவினாங்க, 1495ன்னு லத்தீன்ல. பாருங்க, ஒரு வீட்டுக்காரனோட அலங்காரப் பொருளு, இடம் மாத்தி வச்ச ஒரே காரணத்தால, எவனாவது சர்வாதிகாரி ஆகணும்னு நெனச்சா இதான் கதின்னு எச்சரிக்கையா மாறிடுச்சு!

அப்புறம் டேவிட், பைபிள்ல கோலியாத்ங்குற ராட்சசன வீழ்த்தின பையன். கதீட்ரல் வேலைக்குன்னு வாங்கி வேற சிற்பிங்க கை வச்சுப் பாதில விட்ட ஒரு பழைய பளிங்குக் கல்லு, வருஷக்கணக்கா வெயில்லயும் மழைலயும் கிடந்துச்சு. அத 1501ல மைக்கேலாஞ்சலோ கைல கொடுத்தாங்க, அப்ப அவருக்கு 26 வயசு. 1504ல முடிச்சப்ப அத எங்க வைக்கறதுன்னு முடிவு பண்ணவே ஒரு கமிட்டி கூடுச்சு, அதுல லியனார்டோ டா வின்சி இருந்தார், போட்டிச்செல்லி இருந்தார். கல்லு பலவீனமா இருக்கு, பக்கத்துல லோஜ்ஜான்னு சொல்ற கூரை மண்டபத்துக்குள்ள வைங்கன்னு சிலர், லியனார்டோவும் அந்தப் பக்கம்தான். அரசாங்க அறிவிப்பாளர் ஒருத்தர் எழுந்து, யூதித்த எடுத்துட்டு அங்க இத வைங்க, ஒரு பொம்பள ஆம்பளையக் கொல்றது ஊருக்கு ஆகாதுன்னு பேசினதும் பதிவாகியிருக்கு. கடைசில யூதித் நகர்த்தப்பட்டா, டேவிட் வாசலுக்கு வந்தான். கதீட்ரல் பட்டறைல இருந்து சதுக்கம் வரைக்கும் இழுத்துட்டு வர நாலு நாள், மே 14ல இருந்து 18 வரைக்கும், ராத்திரில யாரோ சிலை மேல கல்லெறிஞ்சதா அந்தக் காலத்து டைரிக் குறிப்பு சொல்லுது. 1527ல, அதுக்குள்ள திரும்ப வந்திருந்த மெடிச்சிய எதிர்த்துக் கலவரம் நடந்தப்ப அரண்மனை ஜன்னல்ல இருந்து எறிஞ்ச பெஞ்சு பட்டு இடது கை மூணு துண்டாச்சு, அத அப்பச் சின்னப் பையனா இருந்த வசாரியும் அவர் நண்பனும் பொறுக்கி எடுத்து வச்சாங்க. இந்த வசாரி பேரு ஞாபகம் இருக்கட்டும், திரும்ப வருவார். இன்னிக்கு வாசல்ல நிக்குறது நகல், அசல 1873ல அக்காடெமியா மியூசியத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க, நகல் 1910ல வச்சது. யூதித்தும் நகல்தான், அசல் அரண்மனை மாடில இருக்கு. சிங்கம், மார்சோக்கோன்னு பேரு, அதுவும் நகல்.

டேவிட் பக்கத்துல தடிதடியா ஹெர்குலிஸ் ஒருத்தன் காக்குஸ்ங்குற அரக்கன மிதிச்சுக்கிட்டு நிப்பான், அது அசல், 1534, பாந்தினெல்லி செஞ்சது. அதுக்கான கல்லு முதல்ல மைக்கேலாஞ்சலோவுக்குன்னு பேசினது, மெடிச்சி ஆளுங்க தங்களுக்கு வேண்டிய பாந்தினெல்லிக்கு மாத்திவிட்டாங்க, அந்தக் கோவம் ஊர்ல இருந்துச்சு, திரைய எடுத்தப்ப கேலிப் பாட்டு எழுதி ஒட்டினாங்க. இன்னொரு சிற்பி செல்லினி, அந்த முதுகப் பாத்தா முலாம்பழ மூட்டைய சுவர்ல சாத்தி வச்ச மாதிரி இருக்குன்னு சொன்னார். எனக்கும் அது அவ்வளவு பிடிக்காது, ஆனா ஒரு நிமிஷம் டேவிட்டயும் அதையும் மாத்தி மாத்திப் பாருங்க, ஒருத்தன் இன்னும் சண்டைக்கே போகல, யோசிச்சுக்கிட்டு நிக்குறான், இன்னொருத்தன் ஜெயிச்சு முடிச்சுக் கால் கீழ போட்டு மிதிக்குறான். குடியரசு ஒரு சிலை வச்சுது, அதுக்குப் பதிலா ஆட்சிக்கு வந்தவங்க ஒண்ணு வச்சாங்க. நெப்டியூன் நீரூற்றும் அந்த வழிலதான், அம்மன்னாத்தி செஞ்சது, அம்மன்னாத்தோ அம்மன்னாத்தோ எவ்வளவு நல்ல பளிங்கக் கெடுத்துட்டன்னு ஊரே பாட்டு கட்டுச்சு. சுத்தி உக்காந்திருக்குற வெண்கலப் பொம்மைங்க நல்லாருக்கும், பாருங்க.

அந்த நீரூற்றுக்கு முன்னாடி தரைல வட்டமா ஒரு கல்லு பதிச்சிருக்கும், பெரும்பாலானவங்க அது மேல நடந்து போயிடுவாங்க. பையனக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. மெடிச்சி போன பிறகு சவனரோலான்னு ஒரு துறவி பேச்சாலயே ஊரப் பிடிச்சு வச்சிருந்தார். 1497 பிப்ரவரி 7, இதே சதுக்கத்துல கண்ணாடி, விக்கு, சீட்டுக்கட்டு, புஸ்தகம், படம்னு ஆடம்பரம்னு அவருக்குத் தோணினதெல்லாம் மலையா குவிச்சுத் தீ வச்சாங்க. அடுத்த வருஷமே, 1498 மே 23, போப்போட பகைச்சுக்கிட்ட அந்தத் துறவியையும் கூட ரெண்டு சிஷ்யர்களையும் அதே இடத்துல தூக்குல போட்டு எரிச்சாங்க, சாம்பல யாரும் எடுத்து வச்சுக் கும்பிடக்கூடாதுன்னு அர்னோ ஆத்துல கொட்டினாங்க. இப்பவும் ஒவ்வொரு மே 23ம் அந்தக் கல்லு மேல பூ போடுறாங்க. நான் ரெண்டு தடவை அந்த நாள்ல அங்க இருந்தேன், ரோஜா இதழும் இலையும் பரப்பியிருந்துச்சு. அவர் சரியா தப்பான்னு அந்த ஊர்க்காரங்க இன்னும் வாதாடுறாங்க, அந்தப் பூவப் பாக்கும்போது எனக்கு 500 வருஷம்ங்கறது ஒண்ணுமே இல்லன்னு தோணுச்சு.

இப்ப வலது பக்கம் மூணு பெரிய வளைவோட திறந்த மண்டபம், லோஜ்ஜா டெய் லான்ட்ஸி, 1376ல இருந்து 1382 வரைக்கும் கட்டினது, அரசாங்க விழாவுக்கு. இங்க உள்ளதுல முக்கியமானது எல்லாம் அசல், டிக்கெட் கிடையாது, அதான் இந்த சதுக்கத்தோட பெரிய கொடை. மெடிச்சி குடும்பம் திரும்ப வந்து 1537ல முதலாம் கோசிமோ பதினேழு வயசுல ஆட்சிக்கு வந்தார், குடியரசு அதுக்குச் சில வருஷம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. அவர் செல்லினிகிட்ட கிரேக்கக் கதை வீரன் பெர்சியுஸ் சிலைய செய்யச் சொன்னார், 1545ல ஆரம்பிச்சு 1554ல திறந்தது. மெடூசா தலைய அறுத்துத் தூக்கிப் பிடிச்சிருக்கான், கழுத்துல இருந்து வெண்கலமே ரத்தமா தொங்குது. யூதித் ஒரு ஆம்பள தலையப் பிடிச்சா, அதுக்குப் பதில் சொல்ற மாதிரி இங்க ஒரு ஆம்பள பொம்பள தலையப் பிடிச்சிருக்கான். அதோட மெடூசாவ யாரு பாத்தாலும் கல்லாயிடுவாங்க இல்லையா, எதிர்ல நிக்குற டேவிட்டும் ஹெர்குலிஸும் பளிங்கு, அவள் பாத்துத்தான் கல்லாச்சுன்னு பேசிக்கிட்டாங்க, செல்லினி மனசுல அது இல்லாம இருந்திருக்காது.

இந்தச் சிலைய வார்த்த கதைய பையனுக்கு அங்க நின்னே சொல்லுங்க, கண்ணு விரியும். நம்ம சுவாமிமலை ஸ்தபதிங்க செய்யுற அதே மெழுகு முறைதான், மெழுகுல உருவம் பண்ணி மேல மண் பூசிச் சூடு காட்டி மெழுக உருக்கி எடுத்துட்டு அந்த இடத்துல உலோகத்த ஊத்தறது, என்ன, சுவாமிமலைல பெரும்பாலும் உள்ளயும் கெட்டியா வார்ப்பாங்க, இது உள்ள மண் கரு வச்சு வெறும் ஓடா வார்த்தது. இவ்வளவு பெரிய உருவம், அதுவும் ஒரு கை தூக்கின நிலைல, வராதுன்னு கோசிமோவே சந்தேகப்பட்டார். வார்க்குற அன்னிக்கு உலை நெருப்புல பட்டறைக் கூரை பத்திக்கிச்சு, தோட்டத்துப் பக்கம் மழையும் காத்தும், செல்லினிக்குக் காய்ச்சல் வந்து நான் சாகப் போறேன்னு படுத்துட்டார். ஒருத்தன் ஓடிவந்து எல்லாம் போச்சு, உலோகம் உறைஞ்சுபோச்சுன்னு சொன்னான். எழுந்து வந்து காய்ஞ்ச ஓக் விறக அடுக்கச் சொல்லி, வீட்டுல இருந்த ஈயத் தட்டு, கிண்ணம் ஏறக்குறைய இருநூறு, ஒவ்வொண்ணா உலைக்குள்ள போட்டு இளக வச்சு ஊத்தினதா அவரே தன் சுயசரிதைல எழுதி வச்சிருக்கார். கொஞ்சம் மிகைப்படுத்துற ஆளுதான், ஆனா சிலை எதிர்ல நிக்குது, கால் விரல் மட்டும்தான் சரியா நிரம்பாம போய் அப்புறம் சரி பண்ணார். பின்னாடி போய் ஹெல்மெட்டப் பாருங்க, தாடியோட ஒரு முகம் தெரியும், அது செல்லினி தன்னையே செதுக்கினதுன்னு சொல்வாங்க. பக்கத்துல ஜம்போலோன்யாவோட சபைன் பெண் சிலை, 1583, மூணு பேரு ஒரே கல்லுல முறுக்கிக்கிட்டு மேல ஏறுறாங்க, அதுக்கு முன்பக்கம்னு ஒண்ணு கிடையாது, சுத்தி நடந்துதான் பாக்கணும். அந்த மண்டபத்துல உக்காந்து சாப்பிட விடமாட்டாங்க, காவலாளி வந்து சொல்லுவார், தண்ணி பாட்டில் கூட பைக்குள்ள எடுத்து வச்சுக்கங்க.

சரி, இப்ப உள்ள போகணுமான்னு கேட்டீங்க. பலாட்ஸோ வெக்கியோவுக்குக் கண்டிப்பா போங்கன்னு சொல்வேன், நிறைய பேரு இத விட்டுட்டு நேரா உஃபீட்ஸிக்குப் போயிடுறாங்க, அது எனக்கு வருத்தமா இருக்கும். இன்னிக்கும் அதுதான் ஊர் முனிசிபாலிட்டி ஆபீஸ், மேயர் அங்கதான் இருக்கார், முதல் முற்றம் வரைக்கும் டிக்கெட் இல்லாமலே போலாம். டிக்கெட் எடுத்து மேல போனா ஐந்நூறு பேர் மண்டபம், சலோனே டெய் சிங்க்வெசென்தோ, நீளம் 54 மீட்டர், அகலம் 23. சவனரோலா காலத்துல, 1494லயும் 95லயும், குடிமக்கள் பேரவை கூடுறதுக்குன்னு அவசர அவசரமா கட்டினது. அதோட சுவர்ல ஒரு பக்கம் லியனார்டோ, ஒரு பக்கம் மைக்கேலாஞ்சலோன்னு ரெண்டு பேரையும் போர்க்காட்சி வரையச் சொன்னாங்க, நெனச்சுப் பாருங்க! மைக்கேலாஞ்சலோ மாதிரிப்படம் வரைஞ்சதோட நிறுத்திட்டு, போப் கூப்பிட்டார்னு ரோமுக்குப் போயிட்டார், லியனார்டோ புது முறைல எண்ணெய் கலந்து வரைஞ்சு பாத்து அது சுவர்ல நிக்காம பாதில விட்டார். பின்னாடி கோசிமோ இந்த அரண்மனைக்கே 1540ல குடிவந்து, டேவிட் கையப் பொறுக்கின அதே வசாரி இப்ப பெரியவராகி, கூரைய உசத்திச் சுவர் பூரா, ஃப்ளோரன்ஸ் பீசாவையும் கோசிமோ சியெனாவையும் ஜெயிச்ச போர்கள வரைஞ்சார். மேல நடுவட்டத்துல பாருங்க, கோசிமோ தேவன் மாதிரி உக்காந்திருப்பார். குடிமக்கள் கூடின மண்டபத்தோட கூரைல தனி ஒரு ஆளு! அந்தச் சுவர்ல ஒரு படத்துல, மேல பச்சைக் கொடில சின்ன வெள்ளை எழுத்துல தேடு, கண்டுபிடிப்பாய்னு அர்த்தம் வர்ற ரெண்டு வார்த்தை, செர்க்கா த்ரோவா, எழுதியிருக்கும். லியனார்டோ படம் அந்தச் சுவருக்குப் பின்னாடி இன்னும் இருக்குன்னு வசாரி குறிப்பு வச்சாரோன்னு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 2011 கடைசில சின்ன ஓட்டை போட்டுக்கூடப் பாத்தாங்க, வசாரி படத்தக் கெடுக்கறீங்கன்னு எதிர்ப்பு வந்து நிறுத்திட்டாங்க. எழுத்து ரொம்பச் சின்னது, பையனுக்கு ஒரு பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வாங்க.

மாடில அல்லி மலர் அறைல யூதித் அசல் நிக்குறா. வெளில இருக்குற நகலப் பாத்துட்டு இத வந்து பாக்கும்போது அந்த வெண்கலத்தோட பழைய நிறமும் முகத்துல உள்ள தயக்கமும் வேற மாதிரி இருக்கும், எனக்கு இந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச சிலை இதுதான். அதுக்கு அடுத்த சின்ன ரூம் மாக்கியவெல்லி வேலை பாத்த இடம், 1498ல இருந்து 1512 வரைக்கும் குடியரசோட செயலாளர். மெடிச்சி திரும்ப வந்ததும் வேலை போச்சு, சிறைல அடிபட்டார், அப்புறம்தான் உக்காந்து தி பிரின்ஸ்ங்குற அரசியல் புஸ்தகத்த எழுதினார். அதுக்குப் பக்கத்துல வரைபட அறை, அலமாரிக் கதவு மேல 53 உலகப் படங்கள், 16ஆம் நூற்றாண்டுல தெரிஞ்ச உலகம் மொத்தமும், நடுவுல ஒரு பெரிய பூகோள உருண்டை. நம்ம பக்கத்து நாடுகளும் அதுல இருக்கு, எந்த அளவுக்குச் சரியா வரைஞ்சிருக்காங்கன்னு பையனத் தேடச் சொல்லுங்க. கோபுரம் ஏற இருநூத்துச் சொச்சம் படி, அம்மாவுக்கு வேண்டாம், நீங்களும் பையனும் போங்க, வழில ஒரு சின்னச் சிறை இருக்கு, 1433ல மூத்த கோசிமோவையும் (இவர் முதலாம் கோசிமோ இல்ல, அதே மெடிச்சி குடும்பத்துல முன்னாடி இருந்தவர்) 1498ல சவனரோலாவையும் அதுலதான் பூட்டி வச்சாங்க. மழை பெய்ஞ்சா கோபுரம் மூடிடுவாங்க. வியாழக்கிழமை மியூசியமே மதியம் ரெண்டோட முடிஞ்சிடும், அத மட்டும் பாத்துக்கங்க.

உஃபீட்ஸி. அந்த வார்த்தைக்கு அர்த்தமே ஆபீஸுங்கதான். கோசிமோ ஊரெல்லாம் சிதறிக் கிடந்த அரசாங்க ஆபீஸ ஒரே கூரைக்குக் கீழ, தன் கண்ணுக்கு எதிர்ல வைக்கணும்னு 1560ல வசாரியக் கட்டச் சொன்னார், மேல்மாடில பிள்ளைங்க காலத்துல கலைப் பொருள் சேத்தாங்க. இவ்வளவும் ஏன் இன்னும் ஃப்ளோரன்ஸ்லயே இருக்குன்னா ஒரு அம்மாவாலதான், அன்னா மரியா லுயிசா, மெடிச்சி வம்சத்துக் கடைசி வாரிசு. 1737ல ஆட்சி வேற வம்சத்துக்குப் போறப்ப எழுதி வாங்கினாங்க, இந்தப் பொருள் எதுவும் ஊரவிட்டு வெளிய போகக்கூடாது, மக்களுக்கும் வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கும் பயன்படணும்னு. 1769ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. மத்த எத்தனையோ அரச குடும்பத்துப் பொருளுங்க ஏலத்துலயும் வண்டிலயும் போயிடுச்சு, இங்க ஒரு கையெழுத்து எல்லாத்தையும் காப்பாத்துச்சு.

எல்லா ரூமும் பாக்கணும்னு நெனக்காதீங்க, முடியாது, அம்மாவோட கண்டிப்பா முடியாது. ரெண்டாவது மாடில ஆரம்பிக்கும், லிஃப்ட் இருக்கு, கேட்டா விடுவாங்க. முதல்ல சிமபுவே, தூச்சோ, ஜியோத்தோ மூணு பேரோட பெரிய மாதா படங்க ஒரே ரூம்ல எதிரெதிரா இருக்கும், பத்து நிமிஷம் நில்லுங்க, தங்கத்துல ஒட்டின மாதிரி இருந்த மாதா எப்படி ஜியோத்தோ கைல எடை உள்ள ஒரு பொம்பளையா உக்காருறான்னு கண்ணாலயே தெரியும். அப்புறம் போட்டிச்செல்லி ரூம், வீனஸ் பிறப்பு, ப்ரிமாவேரா, கூட்டம் முட்டும், அதுக்குள்ளயே அவரோட மாகி வழிபாடு படத்தத் தேடுங்க, சின்னதுதான், மெடிச்சி குடும்பத்து முகங்கள ராஜாக்களா வச்சு வரைஞ்சிருக்கார், வலது ஓரத்துல மஞ்சள் அங்கி போட்டு நம்மளத் திரும்பிப் பாக்குறது அவரேதான்னு சொல்வாங்க. வெளிய ஜன்னல்ல தூக்குல தொங்கின கதை தெரிஞ்சுட்டு இதப் பாத்தா வேற மாதிரி இருக்கும். லியனார்டோவோட அறிவிப்பு, மைக்கேலாஞ்சலோவோட வட்டப்படம், கீழ்மாடில கரவாஜ்ஜோவோட மெடூசா, அர்த்தெமிசியா ஜென்திலெஸ்கியோட யூதித், இது போதும். அர்த்தெமிசியா படத்துல யூதித்துக்குத் தயக்கமே இல்ல, ரெண்டு பொண்ணுங்க சேந்து பிடிச்சு அமுக்குறாங்க, டொனாடெல்லோ சிலையப் பாத்துட்டு அதே கதைய ஒரு பொண்ணு வரைஞ்சு பாக்கறது ஒரு அனுபவம். நடுவுல மேல்மாடி காஃபி கடை லோஜ்ஜாவோட கூரை மேலயே இருக்கு, அம்மாவ அங்க உக்கார வைங்க, அரண்மனை கோபுரம் கைக்கு எட்டுற தூரத்துல தெரியும். ஒரு தடவை வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க.

வெளிய வந்ததும் பின்பக்கம் வியா டெய் ஜார்ஜோஃபிலின்னு ஒரு சந்து இருக்கு, தயவுசெஞ்சு அங்க ரெண்டு நிமிஷம் நில்லுங்க. 1993 மே 27 ராத்திரி ஒரு மணிக்கு மாஃபியா அங்க வேன்ல குண்டு வச்சாங்க, அஞ்சு பேரு செத்தாங்க, நாலு பேரு ஒரே குடும்பம், அதுல பிறந்து ஐம்பது நாள் ஆன கைக்குழந்தை. மியூசியத்துலயும் நிறைய சேதம், சில படங்க அழிஞ்சேபோச்சு. இப்ப அங்க ஒரு ஆலிவ் மரம் நட்டிருக்காங்க.

ரெண்டாவது நாள் அரை நாள்தான் இருக்குன்னா நான் பார்ஜெல்லோ மியூசியத்தத்தான் சொல்வேன், சதுக்கத்துல இருந்து அஞ்சு நிமிஷ நடை, உஃபீட்ஸி கூட்டத்துல கால்வாசி கூட இருக்காது. 1255ல கட்ட ஆரம்பிச்ச கட்டடம், ரொம்ப காலம் சிறை, முற்றத்துலயே தலை வெட்டினாங்க, 1786ல டஸ்கனி மரண தண்டனைய ஒழிச்சப்பதான் நின்னுச்சு. மாடில ஒரே ஹால்ல டொனாடெல்லோவோட வெண்கல டேவிட், செயின்ட் ஜார்ஜ், அசல் சிங்கம், கூடவே 1401ல ஞானஸ்நான மண்டபத்துக் கதவுக்கு நடந்த போட்டில ப்ருனெல்லெஸ்கியும் கிபெர்ட்டியும் செஞ்ச ரெண்டு வெண்கலத் தகடும் பக்கத்துப் பக்கத்துல தொங்குது. ரெண்டும் ஒரே காட்சி, ஆபிரகாம் மகன வெட்டப் போறது. நீங்களே நீதிபதியா நின்னு பாருங்க. ப்ருனெல்லெஸ்கியோடதுல தேவதூதன் கையவே பிடிச்சு நிறுத்துறான், கிபெர்ட்டியோடது ஓட்டமா அழகா இருக்கு, ஜெயிச்சது கிபெர்ட்டி, எனக்கு ஒவ்வொரு தடவையும் தீர்ப்பு மாறும். கீழ மைக்கேலாஞ்சலோவோட புரூட்டஸ், கொடுங்கோலன கொன்னவன்னு குடியரசு ஆளுங்க கேட்டுச் செஞ்சது, சதுக்கத்துச் சண்டை இங்கயும் தொடருது. சில நாள்ல மதியமே மூடிடுவாங்க, காலைலயே போயிடுங்க. அசல் டேவிட்டுக்கு அக்காடெமியா போகணும்னா தனியா ஒண்ணரை மணி நேரம் வேணும், பையனுக்கு ஆசைன்னா போங்க, 5.17 மீட்டர் உயரத்துக்கு நேர்ல நிக்கறது சாதாரணம் இல்ல.

டிக்கெட் விஷயம். உஃபீட்ஸி, அக்காடெமியா ரெண்டும் திங்கக்கிழமை லீவு. ரெண்டுக்கும் அவங்க சொந்த வெப்சைட்லயே முன்கூட்டி நேரம் போட்டு எடுங்க, அதே மாதிரி தோற்றத்துல வேற சைட்டுங்க அதிக விலைக்கு விக்கும், ஏமாந்துடாதீங்க. மாசத்துல முதல் ஞாயிறு அரசாங்க மியூசியங்க இலவசம், ஆனா அம்மாவோட அந்தக் கூட்டத்துக்குள்ள வேண்டாம். என் யோசனை, முதல் நாள் காலைல சதுக்கம், ஒன்பது பத்துக்கு பலாட்ஸோ வெக்கியோ, மதியம் ரூமுக்குப் போய் அம்மா படுக்கட்டும், சாயங்காலம் நாலுக்கு உஃபீட்ஸி, அப்ப டூர் குரூப்புங்க கிளம்பியிருக்கும். மறுநாள் காலைல பார்ஜெல்லோ. சதுக்கத்துல உள்ள காஃபி கடைங்கள்ல உக்காந்து குடிச்சா ஒரு விலை, கவுன்ட்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, வித்தியாசம் பெருசு, கேட்டுட்டு உக்காருங்க. சைவம்னா ரிபொல்லித்தான்னு ரொட்டியும் கீரையும் பீன்ஸும் போட்ட கெட்டி சூப் கேளுங்க, அது வயிறு நிறையும். அம்மாவுக்கு நிழல்ல உக்கார இடம் வேணும்னா உஃபீட்ஸி முற்றத்துத் தூண் வரிசைக்குள்ள சுவரோரமா கல்லுல பெஞ்சு இருக்கு, காசு கிடையாது. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஒன்பதரைக்கு மேல இன்னொரு தடவை சதுக்கத்துக்கு வாங்க, பெர்சியுஸ் மேல விளக்கு விழும், யாராவது ஒருத்தர் வயலினோ கிட்டாரோ வாசிச்சுக்கிட்டு இருப்பாங்க, பையன் காலைல கேட்ட கதைய அவனே அம்மாவுக்குச் சொல்லட்டும்.